கருவில் விழித்து, புற்றில் மீண்டும் விழிக்கும் ஒரு புரதம்



சென்ற மழைக்காலத்தில் ஒரு காலைவேளை. புறநோயாளர் பகுதிக்கு வெளியே வேப்பமர நிழலில் போட்டிருக்கும் பெஞ்சில் இரண்டு பெண்கள் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கயத்தாறு பக்கத்திலிருந்து வந்த நான்கு மாதக் கர்ப்பிணி. கையில் சிவப்புச் சத்து மாத்திரை அட்டை. மற்றவர் விளாத்திகுளம் பக்கத்துத் தாய். ஏழு வயது மகனை மடியில் சாய்த்திருந்தார். அந்தச் சிறுவனுக்கு இரத்தப் புற்றுநோய். நகரத்துப் பெரிய மருத்துவமனையில் கடுமையான சிகிச்சைக் காலம் முடிந்து, இப்போது வாரம் ஒரு நாள் மாத்திரையும், இடையிடையே எங்களிடம் இரத்தப் பரிசோதனையுமாக இருக்கிறான்.

எங்கள் செவிலியர் அந்தத் தாயின் பையைப் பார்த்தபோது, அதில் கடையில் வாங்கிய ஒரு சத்து டானிக் இருந்தது. பிள்ளை மெலிந்துவிட்டானே என்று பக்கத்து வீட்டார் சொல்லி வாங்கியது. லேபிளைப் படித்த செவிலியர், "இதில் ஃபோலிக் அமிலம் இருக்கிறது அம்மா. பெரிய டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்" என்றார்.

தாய் பக்கத்திலிருந்த கர்ப்பிணியின் கையைக் காட்டினார். "ஏன் சிஸ்டர், அந்தப் பிள்ளைக்கு நீங்களே இதத்தான குடுக்கீக? வயித்துப் பிள்ளைக்கு நல்லதுங்கீக. எம் பிள்ளைக்கு மட்டும் வேண்டாங்கீகளே?"

மிகச் சரியான கேள்வி. அன்றைய அவசரத்தில் இரண்டு வரியில் ஒரு பதில் சொன்னோம். ஆனால் அந்தக் கேள்விக்கு முழுப் பதில் சொல்ல வேண்டுமானால் நம் உடலின் செல்லுக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு சிறிய புரதம் இருக்கிறது. கடந்த சில பத்தாண்டுகளில்தான் விஞ்ஞானிகள் அதன் வேலையை நன்கு புரிந்துகொண்டார்கள். அதைப் பற்றி உங்களுக்கு எளிமையாக எழுதுவதே இம்மடலின் நோக்கம்.

அடுப்பும் சாம்பலும்

நம் உடல் கோடானுகோடி செல்களால் ஆனது. ஏறக்குறைய ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய உறுப்புகள் உண்டு. பள்ளிப் பாடப் புத்தகங்களில் இவற்றை இழைமணிகள் என்பார்கள். நாம் உண்ணும் கம்பும் சோறும் பருப்பும் கடைசியில் இங்கேதான் மூச்சுக் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகின்றன. அந்த எரிதலில் கிடைக்கும் ஆற்றல், ஏ.டி.பி. என்னும் பொருளாகச் சேமிக்கப்பட்டு, செல்லின் எல்லா வேலைக்கும் செலவாகிறது. ஆகவே இழைமணியைச் செல்லின் அடுப்பு என்று சொல்வது வழக்கம்.

ஆனால் கரிசல்காட்டு வீடுகளில் அடுப்பு சோறு மட்டுமா தந்தது? அதன் சாம்பலால் பாத்திரம் துலக்கினோம். விதைப் பயறில் கலந்து வண்டு விழாமல் காத்தோம். செல்லின் அடுப்பும் அப்படித்தான். ஆற்றலோடு கூட, கட்டுமானத்திற்குத் தேவையான சிறு சிறு பொருள்களையும் அது ஆக்கித் தருகிறது. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இங்கே பேசுகிறோம்.

ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால், தன் மரபுப் பொருளான டி.என்.ஏ. முழுவதையும் நகல் எடுக்க வேண்டும். மனித செல் ஒன்றில் ஏறக்குறைய 600 கோடி மரபு எழுத்துகள் இருக்கின்றன. ஒவ்வொரு பிரிவிலும் அத்தனையும் புதிதாக எழுதப்பட வேண்டும். அந்த எழுத்துகளை ஆக்குவதற்கு, கார்பன் அணுக்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பொருத்த வேண்டியிருக்கிறது. கொத்தனாருக்குச் செங்கல் எடுத்துக் கொடுக்கும் சித்தாள் போல, இந்த ஒற்றைக் கார்பனைச் சுமந்து கொடுப்பது ஃபோலேட். இதுவே மாத்திரையில் ஃபோலிக் அமிலம் என்னும் வடிவில் வருகிறது. பயறு வகைகள், கீரைகள், நிலக்கடலை, ஈரல் ஆகியவற்றில் இயற்கையாகவே இருக்கும் வைட்டமின் இது.

ஃபோலேட்டை ஒரு கடகப்பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி இருந்தால் மட்டும் போதாது; அதில் செங்கல் ஏற வேண்டும். செரீன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து ஒரு கார்பனைப் பிரித்துப் பெட்டியில் ஏற்றும் வேலை, பெருமளவில் இழைமணிக்குள் நடக்கிறது. ஏற்றிய சுமையை அடுத்த பக்குவத்திற்கு மாற்றும் நொதிதான் நம் கதையின் புரதம். அதன் பெயர் எம்.டி.எச்.எப்.டி.-2. பெயர் நாக்கைச் சுழற்றுகிறது. ஆகவே இனி "டி-2" என்றே குறிப்பிடுவோம்.

டி-2 பக்குவப்படுத்திய சுமை, இன்னொரு நொதியின் உதவியால் ஃபார்மேட் என்னும் சிறு பொருளாக இழைமணியை விட்டு வெளியே வருகிறது. கட்டெறும்பு கடித்தால் சுருக்கென்று எரிகிறதே, அந்த ஃபார்மிக் அமிலத்தின் உறவுதான் இது. வெளியே காத்திருக்கும் வேறு ஃபோலேட் பெட்டிகள் அதை ஏற்றுக்கொண்டு, டி.என்.ஏ. எழுத்துகள் ஆகுமிடத்திற்குக் கொண்டுபோகின்றன.

மும்பை ஆலைப் பெண்களும் குன்னூர் ஆய்வுக்கூடமும்

இந்த வைட்டமின் உலகிற்குத் தெரியவந்ததே நம் நாட்டு ஏழைத் தாய்மாரால் என்பது பலருக்குத் தெரியாது. 1928-ல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவ அம்மையார் மும்பைக்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகள் பலர், ஒருவிதக் கொடிய இரத்தசோகையால் வெளுத்துச் சோர்ந்தார்கள், இறந்தவர்களும் உண்டு. நம் கோவில்பட்டியும் பஞ்சாலை ஊர்தான்; ஆகவே இந்தப் பெண்களை நம்மால் எளிதில் மனக்கண்ணில் காண முடிகிறது.

அப்பெண்களின் இரத்தத்தில் சிவப்பணுக்கள் குறைவாக இருந்தன. ஆனால் இருந்தவை இயல்பைவிடப் பெரியவை. செல் வளர்கிறது; பிரிய முடியவில்லை. டி.என்.ஏ. நகல் எடுக்கப் பொருள் போதாததால் வந்த கோளாறு அது என்பது பின்னாளில் தெரிந்தது. வில்ஸ் அம்மையார் அவர்களுடைய உணவை ஆராய்ந்தார். எலிகளுக்கும் குரங்குகளுக்கும் அதே உணவைக் கொடுத்துப் பார்த்தார். மும்பையில் மட்டுமல்ல, நம் மாநிலத்தில் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், சென்னை கோஷா மருத்துவமனையிலும் அவருடைய ஆய்வு தொடர்ந்தது. கடைசியில், மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சாறு அந்நோயைக் குணமாக்குவதைக் கண்டு, 1931-ல் வெளியிட்டார். ஈஸ்ட்டில் இருந்த மருந்துப் பொருள் எது என்று அப்போது தெரியவில்லை. பத்தாண்டுகள் கழித்து, 1941-ல், அமெரிக்க விஞ்ஞானிகள் அதே சத்தைப் பசலையினக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இலை என்பதற்கான இலத்தீன் சொல்லை வைத்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள்.

இன்று நம் கர்ப்பிணிகள் பெறும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தோடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சேர்ந்திருக்கிறது. குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாவது கருத்தரித்த முதல் 4 வாரங்களில். பல பெண்களுக்குத் தாங்கள் உண்டாகியிருப்பதே அப்போது தெரியாது. முன்பு முதுகுத்தண்டுக் குறையுள்ள குழந்தை பெற்ற தாய்மார்களிடம் நடந்து, 1991-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் உண்டவர்களுக்கு அக்குறை மறுபடி வருவது ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு குறைந்தது.

கருவில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். ஒரே ஒரு செல், பத்து மாதத்தில் ஒரு பிள்ளையாகிறது. அத்தனை வேகமான கட்டுமானத்திற்கு ஒற்றைக் கார்பன் மழைபோல வந்துகொண்டே இருக்க வேண்டும். ஆகவே கருவில் டி-2 புரதம் முழு மூச்சாக வேலை செய்கிறது. அப்புரதத்திற்கான மரபணுவை நீக்கிய எலிக் கருக்கள் பிறக்கும் முன்பே இறந்துபோகின்றன. பிள்ளை பிறந்து வளர்ந்த பிறகோ, உடலின் பெரும்பாலான திசுக்களில் டி-2 காணப்படுவதில்லை. விதைப்புக்கு வந்த ஆள், விதைப்பு முடிந்ததும் ஊர் திரும்பியது போல.

சென்னையில் படித்த சுப்பாராவ்

கர்ப்பிணிக்கு ஏன் கொடுக்கிறோம் என்பது இப்போது விளங்கியிருக்கும். சிறுவனுக்கு ஏன் யோசிக்கிறோம் என்பதற்கு இன்னொரு மனிதரின் கதையைச் சொல்ல வேண்டும்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ல் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்தவர். வறிய குடும்பம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். சுதேசி உணர்வால் கதர் உடுத்தி வந்த அவருக்கு, பேராசிரியர் ஒருவரின் அதிருப்தியால் முழுப் பட்டம் கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அவருடைய சகோதரர் ஒருவர் ஸ்ப்ரூ என்னும் குடல்நோயால் மாண்டார். அந்நோயில் ஃபோலேட் உடலில் சேராமல் போகும் என்பதை அக்காலத்தில் யாரும் அறியவில்லை.

சுப்பாராவ் அமெரிக்கா சென்று, பாஸ்டன் நகரில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் சைரஸ் ஃபிஸ்கே என்பவரோடு ஆராய்ச்சி செய்தார். 1929-ல் அவர்கள் இருவரும் ஏ.டி.பி.யைக் கண்டறிந்து அறிவித்தார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியின் கார்ல் லோமனும் தனியே அதைக் கண்டறிந்திருந்தார். மேலே நாம் சொன்ன அடுப்பின் ஆற்றல் பொருள் அதுதான். ஏ.டி.பி.யில் பாஸ்பரஸ் உண்டு. நம் ஊர்த் தீப்பெட்டியின் பக்கவாட்டில் பூசும் சிவப்பு மருந்தும் பாஸ்பரஸ்தான். தீக்குச்சி உரசியவுடன் பற்றுவதற்கும், நம் கை கால் அசைவதற்கும் ஒரே தனிமம் வெவ்வேறு வடிவில் துணைசெய்கிறது.

1940-ல் லெடர்லி என்னும் மருந்து நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுக்குச் சென்ற சுப்பாராவின் குழு, 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்குவதில் வெற்றி பெற்றது. அக்காலத்தில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளைக் கவனித்து வந்தார். அந்நோய் வந்தால் அன்று சில வாரங்களிலோ மாதங்களிலோ மரணம் நிச்சயம். ஃபோலேட் வகைப் பொருள்களைக் கொடுத்த சில குழந்தைகளுக்கு நோய் தணியவில்லை. வேகமாக முற்றுவதையே அவர் கண்டார். கருவை வளர்க்கும் சத்து, புற்றையும் வளர்க்கிறது! அப்படியானால் அந்தச் சத்தைத் தடுத்தால் என்ன என்று அவர் எண்ணினார்.

சுப்பாராவின் குழு, ஃபோலேட்டைப் போலவே தோற்றமளித்து அதன் வேலையைக் கெடுக்கும் அமினாப்டெரின் என்னும் மருந்தை ஆக்கிக் கொடுத்தது. 1948-ல் வெளியான ஃபார்பரின் அறிக்கை, அம்மருந்து பெற்ற 16 குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறது. அவர்களில் 10 பேருக்கு நோய் தணிந்தது. அது நிலைக்கவில்லை, சில மாதங்களில் நோய் திரும்பிவிட்டது. ஆயினும் குழந்தைகளின் தீவிர இரத்தப் புற்றுநோயை ஒரு மருந்து பின்வாங்கச் செய்ய முடியும் என்பதை மருத்துவ உலகம் அப்போதுதான் கண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் தம் 53-ஆம் வயதில் அமெரிக்காவில் காலமானார். இந்திய அரசு 1995-ல் அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

அமினாப்டெரினின் இளைய சகோதரன்தான் மெத்தோடிரெக்சேட். அந்த விளாத்திகுளத்துச் சிறுவன் வாரம் ஒரு நாள் விழுங்கும் மாத்திரை அதுவே. இன்று பல மருந்துகளோடு சேர்த்துக் கொடுப்பதால், அவனைப் போன்ற குழந்தைகளில் பலர் முழுமையாகக் குணமடைகிறார்கள். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம் முதலான இடங்களில் சிகிச்சை பெற்று, பின்னர் வளர்ந்து, திருமணமாகிப் பிள்ளை பெற்றவர்களும் உண்டு.

இப்போது தாயின் கேள்விக்குப் பதில் சொல்லலாம். அம்மா, உங்கள் பிள்ளையின் மருந்து, கடகப்பெட்டியைக் கவிழ்த்து வைக்கும் மருந்து. அதை நிமிர்த்தும் சத்தை நீங்கள் அளவு தெரியாமல் டானிக்கில் ஊற்றிக் கொடுத்தால், மருந்தின் வேலை குறைந்துபோகக் கூடும். கொடுக்க வேண்டிய வேளையும் வரலாம். அதை அவனுடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் பிழை ஒன்று

மெத்தோடிரெக்சேட்டின் வலிமையை நாங்கள் அறிந்துகொண்ட வேறொரு சம்பவத்தை மறைக்காமல் சொல்ல விரும்புகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிப் பல வருடம் உழைத்த ஒரு வயதான அம்மாள் வந்தார். முடக்குவாதத்தால் விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. இந்நோய்க்கும் மெத்தோடிரெக்சேட் நல்ல மருந்து. ஆனால் சிறிய அளவில், வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டும். சீட்டில் அப்படியே எழுதினோம். வாயாலும் சொன்னோம். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. வீட்டில் மற்ற மாத்திரைகளைப் போலவே இதையும் தினமும் விழுங்கிவிட்டார்.

ஒன்பதாம் நாள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாயெல்லாம் புண், தண்ணீர் விழுங்க முடியவில்லை. காய்ச்சல். வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. காரணம் இதுதான்: மெத்தோடிரெக்சேட்டுக்குப் புற்றுச் செல் எது, நல்ல செல் எது என்று தெரியாது. பிரிந்துகொண்டிருக்கும் எந்தச் செல்லையும் அது தாக்கும். வாயின் உட்தோல், குடல், எலும்பு மஜ்ஜை, முடியின் வேர் ஆகியவை தினமும் பிரிபவை. ஆகவே முதலில் அடிபடுகின்றன.

லூக்கோவோரின் என்னும் மாற்று மருந்தைக் கொடுத்தோம். அதுவும் ஃபோலேட் வகைதான். மெத்தோடிரெக்சேட் அடைத்த வழியைத் தாண்டிச் செல்லுக்குள் வேலை செய்யும். இரண்டு வாரத்தில் அந்த அம்மாள் எழுந்து நடந்தார். புண் ஆறிய பிறகு எங்களிடம் சொன்னார்: "வாரம்னு சொன்னீக, என்னைக்குன்னு சொல்லலியே தாயீ." அன்றிலிருந்து இம்மருந்தின் சீட்டில் கிழமையின் பெயரை எழுதி, நான்கு வார மாத்திரைக்கு மேல் கையில் கொடுக்காமல், வீட்டில் வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துச் சொல்லி அனுப்புகிறோம். இது எங்கள் பிழையால் நாங்கள் கற்றது.

உறங்கிய புரதம்

நல்ல செல்லை விட்டுவிட்டுப் புற்றை மட்டும் அடிக்க வழியுண்டா? இங்கேதான் டி-2 மீண்டும் கதைக்குள் வருகிறது.

1985-ல் கனடாவின் மாண்ட்ரீல் நகரில் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் ஒரு விந்தையைக் கவனித்தார்கள். வளர்ந்த உயிரினத்தின் சாதாரணத் திசுக்களில் இல்லாத இந்த நொதி, கருவின் செல்களிலும், ஓயாமல் பெருகும் புற்றுச் செல்களிலும் இருந்தது. அப்போது அது பெரிதாகப் பேசப்படவில்லை.

2014-ல் இந்திய வம்சாவளியினரான டாக்டர் வம்சி மூதாவும் அவருடைய குழுவினரும் பாஸ்டனில் ஒரு பெரிய கணக்கெடுப்பை வெளியிட்டார்கள். 19 வகைப் புற்றுநோய்களைச் சேர்ந்த 1,981 கட்டிகளில், உடலின் வளர்சிதை மாற்றத்தை நடத்தும் 1,454 நொதிகளுள் எவை மிகுந்திருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதலிடத்தில் நின்றது, இழைமணிக்குள் நடக்கும் ஒற்றைக் கார்பன் வேலை. அதன் நடுவில் இருந்தது டி-2. மெத்தோடிரெக்சேட் தாக்கும் நொதியும் அப்பட்டியலில் இருந்தது. ஆகவே கணக்கெடுப்பு சரியான திசையில் போயிருக்கிறது என்பதும் உறுதியானது. மார்பகப் புற்றுநோயில் டி-2 அதிகமாக இருந்த பெண்கள் உயிர்பிழைக்கும் காலம் குறைவாக இருந்ததையும் அவர்கள் கண்டார்கள்.

கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குடல் போன்ற, தினமும் பிரியும் நல்ல திசுக்களிலும் டி-2 பெரும்பாலும் காணப்படவில்லை. அவை ஒற்றைக் கார்பனைப் பெற வேறு வழிகளை வைத்திருக்கின்றன. புற்றுச் செல்லோ, கருக்காலத்து ஆளை மறுபடியும் கூப்பிட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறது. கரிசல் காட்டில் பருத்தியும் களையும் ஒரே மழையைத்தான் குடிக்கின்றன. ஆனால் களை மட்டும் இறக்கும் தனி வேர் ஒன்று தெரிந்தால், பயிரைத் தொடாமல் அதை மட்டும் அறுக்கலாம் அல்லவா? ஆய்வுக்கூடத்தில் டி-2-வை அடக்கியபோது பல வகைப் புற்றுச் செல்கள் வளர்ச்சி குன்றின, மடிந்தவையும் உண்டு. டி-2-வைத் தடுக்கும் பொருள்களும் ஆக்கப்பட்டு, எலிகளில் சோதிக்கப்பட்டிருக்கின்றன.

இதைப் படித்ததும் "மருந்து வந்துவிட்டது" என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. டி-2-வைத் தடுக்கும் மருந்து எதுவும் இன்னும் நோயாளிகளுக்கான சிகிச்சையாகவில்லை. தடைகள் உண்டு. இழைமணி வழியை அடைத்தால், சில புற்றுச் செல்கள் வெளிவழியைத் திறந்துகொள்கின்றன. மேலும், தொற்றுநோயை எதிர்க்கும் டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் பெருகும்போதும் இப்புரதம் விழித்துக்கொள்கிறது என்பது 2022-ல் வெளியான ஆய்வில் தெரிந்தது. ஆகவே நல்ல செல்லுக்கு ஒரு கேடும் வராது என்று இப்போதே சொல்ல முடியாது. 1931-ல் மார்மைட்டிலிருந்து 1948-ல் அமினாப்டெரின் வரை 17 ஆண்டுகள் ஆயின. இதுவும் பொறுமையைக் கேட்கும் வேலை.

நம் மக்கள் அறிய வேண்டியவை

இந்த அறிவு நம் கரிசல் கிராமங்களில் இன்றைக்கே பயன்படும் இடங்கள் சில உண்டு.

முதலாவது, கர்ப்பிணிகள் ஃபோலிக் அமில மாத்திரையைப் பயந்து நிறுத்தக் கூடாது. "அது புற்றுநோயை வளர்க்குமாமே" என்று பாதிச் செய்தியைக் கேட்டுக்கொண்டு சிலர் எங்களிடம் வருகிறார்கள். ஏறக்குறைய 50,000 பேர் பங்குகொண்ட 13 ஆய்வுகளைச் சேர்த்து 2013-ல் கணக்கிட்டார்கள். சில ஆண்டுகள் ஃபோலிக் அமிலம் உண்டவர்களுக்குப் புதிதாகப் புற்றுநோய் வருவது குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. தாயின் இரத்தசோகையும் பிள்ளையின் முதுகுத்தண்டுக் குறையுமோ கண்கூடான ஆபத்துகள்.

இரண்டாவது, புற்றுநோயாளியைப் பட்டினி போடக் கூடாது. "கீரை கொடுத்தால் கட்டி வளரும், பயறு கொடுத்தால் கட்டி வளரும்" என்று விலக்கி விலக்கி, கடைசியில் கஞ்சித் தண்ணீரோடு நிறுத்திவிடுகிறார்கள். வீட்டுச் சமையலில் உள்ள உளுந்தும் பாசிப்பயறும் கீரையும் வேறு. கடையில் விற்கும் செறிவான சத்து மாத்திரை வேறு. சிகிச்சையைத் தாங்க உடலுக்குப் பலம் வேண்டும். சாதாரண உணவைச் சாதாரணமாகக் கொடுக்கலாம். மாத்திரை, டானிக், பொடி ஆகியவற்றை மட்டும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது, மெத்தோடிரெக்சேட் உண்பவர்கள் தங்கள் கிழமையை மறக்கலாகாது. முடக்குவாதத்திற்காக உண்பவர்களுக்கு நாங்களே ஃபோலிக் அமிலத்தை வேறொரு நாளில் சேர்த்துக் கொடுப்பதுண்டு. அதை அவர்கள் நிறுத்த வேண்டாம். பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் பெண்கள் இம்மருந்தை உண்ணக் கூடாது. கருவின் கட்டுமானத்தையே அது நிறுத்திவிடும்.

நான்காவது, கீரையை நீரில் நெடுநேரம் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் ஃபோலேட்டின் பெரும்பகுதி அதோடு போய்விடும். குறைந்த நீரில் வதக்கிச் சமைப்பது நல்லது. நம் ஊர் நிலக்கடலையும் கடலை மிட்டாயும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஃபோலேட்டைத் தருகின்றன.

கடைசியாக, மார்பில் பாசிப்பயறு அளவு கட்டி தெரிந்தாலும் உடனே வரச் சொல்லுங்கள். வலி இல்லையே என்று பருத்தி எடுப்பு முடியும்வரை, பிறகு மிளகாய் பழம் எடுக்கும்வரை என்று தள்ளிப்போட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எங்கள் மனம் வேதனைப்படுகிறது. டி-2-வைத் தடுக்கும் மருந்து நாளை வரலாம். சிறிய கட்டியை அறுத்து எடுக்கும் வழி இன்றே இருக்கிறது.

அந்தச் சிறுவன் இப்போது பள்ளிக்குப் போகிறான். அவனுக்கு மாத்திரைக்கிழமை வெள்ளி. வீட்டு நாள்காட்டியில் ஒவ்வொரு வெள்ளிக்கும் அவனுடைய தாய் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறார். கர்ப்பிணியாக வந்த பெண்ணுக்குச் சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. எடை 2 கிலோ 900 கிராம். தாயும் சேயும் நலம்.

இம்மடலை வாசிக்கும் நீங்கள், உங்கள் சபையில் கர்ப்பிணிகளுக்கும், முடக்குவாத மாத்திரை உண்ணும் பெரியவர்களுக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்போரின் வீட்டாருக்கும் இந்தச் செய்திகளைப் படித்துச் சொல்லும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.